லாபம் இல்லாத இடத்துக் கணக்கு

அரசின் கணக்கும் தொண்டு நிறுவனத்தின் கணக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஒரே பாடமாகச் சேர்த்தே கற்பிக்கப்படுகின்றன. ஒன்று சட்டத்தின் பலத்தால் வரி வாங்குகிறது. மற்றது மனமுள்ளவர்களிடம் நன்கொடை கேட்கிறது. இரண்டிலும் பணம் கொடுத்தவருக்கு ஈடாக நேரடியாக எதுவும் கைக்கு வருவதில்லை. அதனால்தான் இரண்டுக்கும் ஒரே வகுப்பு. ஜவுளிக்கடையில் ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் வேட்டியோடு வெளியே வருகிறார். சாயம் போனால் அடுத்த தீபாவளிக்கு வேறு கடைக்குப் போவார். சொத்துவரி கட்டியவர் அடுத்த ஆண்டு வேறு நகராட்சிக்குக் கட்டிவிட முடியாது. முதியோர் இல்லத்துக்கு அரிசி வாங்கப் பணம் அனுப்பியவர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை. கொடுத்த பணம் என்ன ஆனது என்று இவர்கள் அறிந்துகொள்ளக் கணக்கைவிட்டால் வேறு வழி இல்லை.

வியாபாரக் கணக்கு லாபமா நஷ்டமா என்பதில் வந்து முடியும். இங்கே பங்குதாரர் இல்லை, ஈவுத்தொகை இல்லை. ஆண்டு முடிவில் பணம் மிஞ்சியிருப்பது நல்ல செய்தி என்றும் சொல்ல முடியாது. தடுப்பூசிக்கு ஒதுக்கிய தொகையில் பாதி மிஞ்சியிருந்தால், பாதிக் குழந்தைகளுக்கு ஊசி போடவில்லை என்றுகூட அதற்கு அர்த்தம் இருக்கலாம். ஆகவே இந்தப் பாடம் வேறு கேள்விகளைக் கேட்கிறது. எதற்கென்று சொல்லி வாங்கினார்களோ அதற்கே செலவானதா? அனுமதித்த அளவுக்குள் செலவானதா? உத்தரவு போட்டவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா? இவற்றுக்குப் பிறகு நான்காவதாக ஒன்று வருகிறது: செய்த வேலைக்கு உண்மையில் எவ்வளவு செலவாயிற்று? முதல் மூன்றுக்கும் பதில் சொல்வதற்காகவே இந்திய அரசுக் கணக்கு வடிவமைக்கப்பட்டது. நான்காவதில்தான் அது தடுமாறுகிறது.

பாடத்திட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

தமிழ்நாட்டில் வணிகவியல் படிப்பவர் இந்தப் பாடத்தின் ஒரு மூலையைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே பார்த்துவிடுகிறார். கணக்குப்பதிவியல் புத்தகத்தில் இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்கென்று ஓர் அத்தியாயம் உண்டு. அதன் கணக்குகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரு விளையாட்டு மன்றம். உறுப்பினர் சந்தா, நுழைவுக் கட்டணம், யாரோ எழுதிவைத்த உயில்கொடை, மட்டையும் பந்தும் வாங்கிய செலவு, இவற்றோடு பழைய செய்தித்தாள் விற்ற காசு. பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கைக் கொடுத்து, அதிலிருந்து வருவாய் மற்றும் செலவினக் கணக்கைத் தயாரிக்கச் சொல்வார்கள். சென்ற ஆண்டுச் சந்தா பாக்கியைக் கழி, இந்த ஆண்டுப் பாக்கியைக் கூட்டு என்பது கைப்பழக்கமாகிவிடும். பி.காம். வகுப்பில் வருவதும் பெரும்பாலும் இதன் நீட்சிதான்.

அரசுக் கணக்கின் பக்கம் பெரும்பாலான பட்டப்படிப்புகள் எட்டிப் பார்ப்பதில்லை. மாநிலத்திலேயே மிகப் பெரிய செலவாளி அரசுதான். அதன் கணக்குப் புத்தகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே வணிகவியல் பட்டதாரி வெளியே வருகிறார். படிக்க விரும்புவோருக்குத் தொழிற்படிப்புகளில் வாசல் உண்டு. காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பின் இறுதிநிலைப் பாடத்தில் இந்திய அரசுக் கணக்கியல் ஒரு பகுதியாக வந்திருக்கிறது. பட்டயக் கணக்காளர் நிறுவனம் பொது நிதி, அரசுக் கணக்கியல் குறித்துச் சான்றிதழ்ப் படிப்பு நடத்தியிருக்கிறது. மற்றவர்கள் அரசு வேலையில் சேர்ந்த பிறகு, துறைத்தேர்வுக்காக, விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்து கற்கிறார்கள்.

அமெரிக்காவில் இது தனிப் பாடம். கணக்கியல் பட்டத்தில் ஒரு பருவம் முழுக்க இதற்கென்று ஒதுக்கும் பல்கலைக்கழகங்கள் ஏராளம், அந்நாட்டின் சி.பி.ஏ. தேர்விலும் இதிலிருந்து கேள்விகள் வரும். இந்த முக்கியத்துவத்துக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1975-இல் நியூயார்க் நகரம் திவாலாகும் விளிம்புக்குப் போனது. அன்றாடச் செலவுகளை மூலதனச் செலவு என்று எழுதி, கடன் வாங்கிச் சமாளித்திருந்தார்கள். வர வாய்ப்பே இல்லாத பாக்கிகளை வரவாகக் காட்டியிருந்தார்கள். நகரத்தின் உண்மையான நிலை என்ன என்று கணக்கைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கென்று தனியே கணக்கியல் தரநிலை வாரியம் 1984-இல் அமைந்தது. 1999-இல் வந்த அதன் 34-ஆம் தரநிலை பாடத்தின் போக்கையே மாற்றியது. ஒவ்வொரு நகராட்சியும் இரண்டு கோணத்தில் கணக்குக் காட்ட வேண்டும்: தனித்தனி நிதிகளாக, இந்த ஆண்டுக்கான பணம் எப்படிச் செலவானது என்று ஒருமுறை, சாலை, பாலம், கடன், ஓய்வூதியப் பொறுப்பு எல்லாம் சேர்த்து முழு நகரமாக இன்னொருமுறை. இரண்டு கணக்கும் ஒரே எண்ணைத் தராது. ஏன் தராது என்று விளக்கும் இணைப்புப் பட்டியலைத் தயாரிப்பதுதான் அந்த வகுப்பு மாணவர்களைக் கண்விழிக்கவைக்கும் வேலை.

மூன்று நிதிகளும் நான்கு இலக்கமும்

இந்திய அரசின் கணக்கு அரசியலமைப்புச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. 266-ஆம் பிரிவின்படி, வரி, கடன், திரும்பி வந்த கடன் என அரசுக்கு வரும் பணமெல்லாம் தொகுப்பு நிதியில் சேர வேண்டும். நாடாளுமன்றம் அல்லது சட்டமன்றத்தின் அனுமதியில்லாமல் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. அதே பிரிவு பொதுக் கணக்கு என்ற இன்னொன்றையும் வைக்கிறது. ஊழியர்களின் வருங்கால வைப்புநிதி, ஒப்பந்ததாரர் கட்டிய வைப்புத்தொகை போன்றவை அரசின் கையில் இருந்தாலும் அரசின் பணம் அல்ல. அவை இங்கே நிற்கும். 267-ஆம் பிரிவு, வெள்ளம், புயல் போன்ற எதிர்பாராச் செலவுக்கான நிதி. மத்திய அரசின் இந்த நிதி 2021-இல் 500 கோடியிலிருந்து 30,000 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதிலிருந்து எடுத்ததைப் பின்னர் அவையில் அனுமதி வாங்கித் திரும்ப நிரப்பிவிட வேண்டும்.

அடுத்தது தலைப்புகள். அரசின் ஒவ்வொரு வரவும் செலவும் ஆறு படிகளாகப் பிரித்துப் பதியப்படுகிறது. முதல் படியான பெருந்தலைப்பு நான்கு இலக்க எண். அதன் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே பணத்தின் குணம் தெரிந்துவிடும். 0 அல்லது 1 என்றால் வருவாய் வரவு; 2 அல்லது 3 வருவாய்ச் செலவு; 4 அல்லது 5 மூலதனச் செலவு; 6 அல்லது 7 அரசு கொடுத்த கடன்; 8 என்றால் பெரும்பாலும் பொதுக் கணக்கு. கல்வியை எடுத்துக்கொண்டால் கட்டண வருவாய் 0202, ஆசிரியர் சம்பளம் உள்ளிட்ட பொதுக் கல்விச் செலவு 2202, பள்ளிக் கட்டடம் 4202, கல்விக்காகக் கொடுத்த கடன் 6202. முதல் இலக்கம் மட்டும் இரண்டிரண்டாக ஏறுகிறது. காவல்துறை 2055, மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் 2210, வட்டி 2049, ஓய்வூதியம் 2071. பெருந்தலைப்பு எண்கள் காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் ஒன்றே. எந்த மாநில பட்ஜெட்டையும், மொழி தெரியாவிட்டாலும், எண்ணைக் கொண்டே ஓரளவு படித்துவிடலாம். இந்த அமைப்பின் அழகு மாணவர்களுக்கு உடனே புரிவதில்லை. இரண்டு மாநிலங்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் புரிந்துவிடும்.

பட்ஜெட்டின் இடமும் இங்கே வேறு. கம்பெனியில் பட்ஜெட் என்பது ஒரு மதிப்பீடு. மீறினால் மேலாளர் திட்டு வாங்குவார். அரசில் அது சட்டம். துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் அவையில் வைக்கப்பட்டு, வாக்களிக்கப்பட்டு, நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறிய பிறகே பணம் எடுக்கலாம். ஆளுநரின் சம்பளம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், கடனுக்கான வட்டி ஆகியவற்றை அவை விவாதிக்கலாம்; வாக்கெடுப்பு கிடையாது. ஒதுக்கியதைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டால் துணைக் கோரிக்கை. அதையும் மிஞ்சிச் செலவாகிவிட்டால் 205-ஆம் பிரிவின்படி அந்த மீறலை அவை முறைப்படுத்த வேண்டும்.

ஒதுக்கீடு சட்டமான பின் பணத்தின் பயணம் நீளமானது. துறைத் தலைவர் அதை மாவட்டங்களுக்குப் பிரிக்கிறார். பணம் பெற்று வழங்கும் அலுவலர் பட்டியல் தயாரித்துக் கருவூலத்துக்கு அனுப்புகிறார். தலைப்பு சரியா, அதில் பணம் மீதமிருக்கிறதா, கையெழுத்து போட்டவருக்கு அதிகாரம் உண்டா என்று பார்த்துக் கருவூலம் அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் இந்த வேலை இப்போது களஞ்சியம் என்ற மென்பொருள் வழியே நடக்கிறது. மாதம்தோறும் கருவூலக் கணக்குகள் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகின்றன. சென்னை மெட்ரோவில் ஏ.ஜி.-டி.எம்.எஸ். நிலையத்தில் தினமும் இறங்குவோரில் பலருக்கு, அந்த ஏ.ஜி. என்பது மாநிலத்தின் முழுக் கணக்கையும் தொகுக்கும் இந்த அலுவலகம் என்று தெரியாது. மத்திய அரசு 1976-இல் கணக்கையும் தணிக்கையையும் பிரித்து, கணக்கைத் தன் அமைச்சகங்களிடம் கொடுத்துவிட்டது. மாநிலங்களின் கணக்கைத் தொகுப்பது இன்னும் சி.ஏ.ஜி. எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கீழ்தான்.

மார்ச் மாதம்

ஒதுக்கீடு மார்ச் 31 நள்ளிரவோடு காலாவதியாகும். செலவாகாத பணத்தைச் சரண்டர் செய்ய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அவையின் அனுமதி புதிதாகப் பெறப்பட வேண்டும் என்பது ஜனநாயக ஏற்பாடு. நடைமுறையில் விளைவது வேறு. சரண்டர் செய்த துறைக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையும் என்ற பயத்தில், பிப்ரவரி வரை அசையாத கோப்புகள் மார்ச்சில் ஓடத் தொடங்குகின்றன. நாற்காலி, மேசை, கணினி எல்லாம் அந்த மாதத்தில்தான் வாங்கப்படும். கடைசி மாதங்களில் செலவைக் குவிப்பது நிதி ஒழுங்குக்கு மாறானது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே சொல்கின்றன. கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கும், மார்ச்சில் 15 சதவீதத்துக்கும் மேல் போகக்கூடாது என்ற வரம்பும் உண்டு. தந்திரம் தெரிந்தவர்கள் பணத்தை எடுத்துத் தனிவைப்புக் கணக்கில் போட்டுவைப்பார்கள். தொகுப்பு நிதியிலிருந்து போய்விட்டதால் செலவானதாகக் கணக்கு காட்டும்; வேலை மட்டும் நடந்திருக்காது. தணிக்கை அறிக்கைகளில் பல மாநிலங்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் குறை இது.

இந்த வித்தைக்கு இடம் கொடுப்பது ரொக்க அடிப்படை. பணம் கைமாறிய நாளில்தான் அரசு கணக்கு எழுதுகிறது. மத்திய அரசு ஊழியரின் மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரலில் கைக்கு வருவதால், அது அடுத்த நிதியாண்டின் செலவு. ஒப்பந்ததாரர் பாலத்தைக் கட்டி முடித்துப் பட்டியல் கொடுத்தாலும், பணம் கொடுக்காதவரை கணக்கில் அந்தக் கடன் இல்லை. முப்பது ஆண்டு வேலைபார்த்தவருக்குக் கொடுக்க வேண்டிய ஓய்வூதியம், அவர் ஓய்வுபெற்று வாங்கத் தொடங்கும்போதுதான் தலைகாட்டும். கட்டடத்துக்குத் தேய்மானம் கிடையாது. நூறு ஆண்டுப் பள்ளிக்கட்டடமும் நேற்றுக் கட்டியதும் கணக்கின் கண்ணுக்கு ஒன்றே. பல கட்டடங்கள் கண்ணுக்கே படுவதில்லை.

இதற்கு மாற்று, பணம் எப்போது கைமாறுகிறது என்பதைப் பாராமல், வரவேண்டியது உரிமையாகும்போதும் தரவேண்டியது பொறுப்பாகும்போதும் பதிவது. கணக்காளர் பேச்சில் அக்ரூவல். மன்றத்தின் சந்தா பாக்கியைக் கூட்டும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் செய்வது அதைத்தான். ஒரு மாநில அரசு அதைச் செய்வதில்லை. சி. ரங்கராஜன் தலைமையிலான பன்னிரண்டாவது நிதி ஆணையம் 2004-இல் இந்த மாற்றத்தைப் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 2002-இல், அரசுக் கணக்கியல் தரநிலைகளுக்கான ஆலோசனை வாரியத்தை சி.ஏ.ஜி. அமைத்திருந்தார். உத்தரவாதங்கள், மானிய உதவிகள், அரசு கொடுத்த கடன்கள் பற்றித் தரநிலைகள் வந்தன. ஆனால் மத்திய, மாநில அரசுகளின் முதன்மைக் கணக்கு இன்றும் ரொக்கத்தில்தான்.

இதன் விலை என்ன என்பதற்கு உணவு மானியம் நல்ல உதாரணம். இந்திய உணவுக் கழகத்துக்குத் தரவேண்டிய மானியத்தை முழுதாகத் தராமல், தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகமே கடன் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு சில ஆண்டுகள் நடந்தது. அரசு ரொக்கம் கொடுக்காததால் பற்றாக்குறை குறைவாகத் தெரிந்தது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அந்தக் கடன்களை அடைக்க முடிவெடுத்து மானியத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்தபோது, 2020-21-க்கான உணவு மானியம் சுமார் 1.16 லட்சம் கோடியிலிருந்து 4.22 லட்சம் கோடி ரூபாயாக எகிறியது. கொரோனா கால இலவச தானியம் அதில் ஒரு பங்கு. பழைய பாக்கி பெரும் பங்கு. ரொக்கக் கணக்கு பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது.

நகராட்சியின் தனித்தனிப் பெட்டிகள்

உள்ளாட்சியில் நிலைமை மேம்பட்டது. தமிழ்நாட்டின் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் 2000-ஆம் ஆண்டையொட்டி இரட்டைப்பதிவு அக்ரூவல் முறைக்கு மாறின. நாட்டிலேயே முன்னோடி மாற்றம் அது. தேசிய நகராட்சிக் கணக்குக் கையேடு 2004-இல்தான் வந்தது. 2005-இல் தொடங்கிய நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டம் இந்த மாற்றத்தை மற்ற மாநிலங்களுக்கும் நிபந்தனையாக்கியது.

தமிழ்நாட்டு நகராட்சி ஒரே கணக்கை வைத்துக்கொள்வதில்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வழங்கல் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று தனித்தனியே பேரேடும் இருப்புநிலைக் குறிப்பும் உண்டு. குடிநீர்க் கட்டணத்தை எடுத்துத் தெருவிளக்குக்குப் போட்டால், ஒரு நிதி மற்றதற்குக் கடன்பட்டதாக எழுத வேண்டும். அமெரிக்கப் பாடநூல்கள் பல அத்தியாயங்கள் செலவழித்து விளக்கும் நிதிவாரிக் கணக்கியல் இதுதான். உடுமலைப் பக்கம் எந்த நகராட்சி அலுவலகத்துக்குப் போனாலும் அதை நேரில் பார்க்கலாம்.

நூலக வரியும் இந்த வகையில் கவனிக்கத்தக்கது. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது. அதன்படி சொத்துவரியோடு ஒரு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி வாங்கப்படுகிறது. வாங்குவது நகராட்சி, பணம் உள்ளூர் நூலக ஆணைக்குழுவுக்கு உரியது. ஆகவே அது நகராட்சியின் வருமானம் அல்ல, வாங்கிய நாளிலேயே கடன். கையில் காசிருக்கும்போது இந்த வேறுபாடு மறந்துபோவது எளிது. நூலகங்களுக்குத் தரவேண்டிய வரி நிலுவையில் கிடக்கும் செய்தி அவ்வப்போது நாளிதழ்களில் வருவது அதனால்தான்.

நிபந்தனையோடு வந்த பணம்

தொண்டு நிறுவனக் கணக்கின் உயிர், கொடுத்தவர் போட்ட நிபந்தனையில் இருக்கிறது. எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று வரும் பணம் குறைவு. பெண்குழந்தைகளின் படிப்புக்கு மட்டும், இந்தக் கட்டடத்துக்கு மட்டும், அல்லது முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் என்று வருவதே மிகுதி. அமெரிக்கத் தரநிலை, தொண்டு நிறுவனத்தின் நிகர சொத்தைக் கொடையாளர் கட்டுப்பாடு உள்ளது, இல்லாதது என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறது. 2016-இல் வந்த திருத்தத்துக்கு முன் அது மூன்று வகை.

இந்தக் கருத்து தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுத்த செய்தி ஏராளம். சாவா மூவாப் பேராடு என்று அவற்றைக் குறித்தார்கள். ஆடு மேய்ப்பவர் பெருகும் குட்டிகளை வைத்து மந்தையைக் குறையாமல் காத்து, நாள்தோறும் உழக்கு நெய் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முதல் குறையக்கூடாது, பலன் ஒரே நோக்கத்துக்கு, பொறுப்பேற்றவர் யார் என்று கல்லிலேயே பதிவு: இன்றைய பாடநூல் நிரந்தர அறநிதிக்குச் சொல்லும் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது. இன்றைய கோயில் கட்டளைகளும் அதே வழிதான். அன்னதானத்துக்கு எழுதிவைத்த நிலத்தின் குத்தகையைத் தேர் மராமத்துக்குத் திருப்பக்கூடாது. அறநிலையத் துறைக் கோயில்களின் கணக்கு ஆண்டு ஏப்ரலில் அல்ல, பசலி ஆண்டுப்படி ஜூலை 1-இல் தொடங்குகிறது.

இன்றைய தொண்டு நிறுவனம் அறக்கட்டளையாக, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின்கீழ் சங்கமாக, அல்லது கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுக் கம்பெனியாக இருக்கலாம். எதுவானாலும் வருமான வரி விலக்கு வேண்டுமென்றால், ஆண்டு வருமானத்தில் குறைந்தது 85 சதவீதத்தை அறநோக்கத்துக்குச் செலவழித்துக் காட்ட வேண்டும். அல்லது இன்ன காரணத்துக்காக, இத்தனை ஆண்டுக்குச் சேர்த்துவைக்கிறோம் என்று துறைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 12ஏ, 80ஜி என்று பழகிய பிரிவு எண்களை 2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் மாற்றுகிறது. 85 சதவீத விதி தொடர்கிறது.

வெளிநாட்டு நன்கொடை வாங்கினால் கண்டிப்பு இன்னும் கூடும். அதற்கான சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அந்தப் பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில்தான் வந்து விழ வேண்டும். வாங்கியதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிவிடக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முன்பு 50 சதவீதம். எது நிர்வாகச் செலவு என்பதில்தான் கணக்காளரின் தலைவலி ஆரம்பிக்கிறது. தொண்டு மருத்துவமனையின் மருத்துவர் சம்பளம் அதில் சேராது. கணக்கு எழுதுபவர் சம்பளம் சேரும். ஒரே ஜீப்பில் மருந்தும் போகிறது, மேலாளரும் போகிறார் என்றால் டீசல் செலவை எப்படிப் பிரிப்பது? தேர்வுத்தாளில் விகிதம் கொடுத்திருப்பார்கள். அலுவலகத்தில் பயணப் பதிவேடு ஒழுங்காக இருந்தால்தான் விகிதம் கிடைக்கும்.

அரசும் தொண்டு நிறுவனமும் சந்திக்கும் காகிதம் பயன்பாட்டுச் சான்றிதழ். அரசு மானியம் வாங்கியவர், நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள், கொடுத்த நோக்கத்துக்கே பணம் செலவானது என்று சான்று தர வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. வராத சான்றிதழ்களின் தொகை ஆண்டுதோறும் மாநில நிதிநிலை பற்றிய தணிக்கை அறிக்கைகளில் பட்டியலாக வருகிறது. பட்டியல் பெரிதாக இருந்தால் திருட்டு நடந்தது என்று பொருளல்ல. நடக்கவில்லை என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை என்று பொருள்.

தணிக்கை எதைத் தேடுகிறது

இந்தப் பாடத்தில் மாணவர்கள் மறக்காத வகுப்பு மோசடிகளைப் பற்றியது. பிகாரின் கால்நடைத் தீவன ஊழலில் சுமார் 950 கோடி ரூபாய் போலிப் பட்டியல்கள் மூலம் எடுக்கப்பட்டது. 1996 ஜனவரியில் சாய்பாசாவில் மாவட்ட நிர்வாகம் நடத்திய சோதனையில் அது பெரிதாக வெடித்தது. அதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் திறமை தேவைப்படவில்லை. கால்நடைத் துறையின் செலவு ஆண்டுக்கணக்கில் ஒதுக்கீட்டை வெகுவாக மிஞ்சிக்கொண்டிருந்தது. பட்ஜெட்டையும் கருவூலக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்திருக்கும். எண்கள் இருந்தன, படிப்பவர் இல்லை.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்ற ஊரில் நடந்தது இன்னும் நுட்பமானது. சுமார் 15,000 பேர் வாழும் அந்த ஊரின் கணக்கு அதிகாரி ரீட்டா கிரண்ட்வெல், 1990-இல் நகராட்சியின் பெயரில் இரகசியமாக ஒரு வங்கிக்கணக்கு திறந்தார். கழிவுநீர் மூலதன நிதி என்பது போன்ற ஒரு பெயர். நகராட்சிக்குப் பல நிதிகள் இருப்பது வழக்கம் என்பதால் இன்னொன்று இருப்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதற்குள் போன தொகை 5 கோடியே 37 லட்சம் டாலர். அதில் காட்சிப் போட்டிகளுக்கான குதிரைகள் வளர்த்தார். அவர் விடுமுறையில் இருந்தபோது வேறொரு ஊழியர் வங்கி அறிக்கைகளைக் கேட்டு வாங்கியதில் பிடிபட்டார். 2013-இல் 19 ஆண்டு 7 மாதச் சிறைத்தண்டனை. பணத்தைக் காப்பதற்காகப் போட்ட தடுப்புச்சுவரே அதை மறைக்கவும் உதவியது. எல்லா நிதிகளையும் ஒன்றுசேர்த்து வங்கி இருப்போடு ஒப்பிடும் வேலையைப் பணத்தைக் கையாளாத ஒருவர் செய்ய வேண்டும் என்பது பாடநூலில் ஒரு வரி. டிக்சனில் அந்த ஒரு வரிதான் நடக்கவில்லை.

இந்தியாவில் மாநிலங்களைப் பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை ஆளுநர் வழியே சட்டமன்றத்துக்குப் போகிறது. பொதுக் கணக்குக் குழு அதைப் பரிசீலிக்கிறது. உள்ளாட்சிகளுக்குத் தமிழ்நாட்டில் தனியே உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை உண்டு. அலுவலகங்களில் தணிக்கையாளரின் ஆட்சேபத்தைக் குறிக்கும் தணிக்கைத் தடை என்ற சொல்லுக்கு இருக்கும் பயம் பெரிது. ஓய்வு நாளில் ஒரு தடை நிலுவையில் இருந்தால் பணப்பயன் தாமதமாகும் என்பதால், வேலைக்குச் சேர்ந்த இளநிலை உதவியாளர்கூட ரசீதைப் பத்திரப்படுத்தக் கற்றுக்கொள்கிறார்.

படித்தவருக்கு வேலை பல இடங்களில் இருக்கிறது. யு.பி.எஸ்.சி. தேர்வு வழியே இந்தியத் தணிக்கை மற்றும் கணக்குப் பணிக்குப் போகலாம்; பயிற்சி சிம்லாவில். மாநிலத்தில் கருவூலக் கணக்குத் துறை, உள்ளாட்சித் தணிக்கை, நகராட்சிக் கணக்குப் பிரிவு. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி 2014 முதல் சட்டக் கடமை ஆனபின், அந்தப் பணத்தை வாங்கும் தொண்டு நிறுவனங்களுக்கு, நிதிவாரியாகக் கணக்கு எழுதத் தெரிந்தவர் அவசியமாகிவிட்டார். கல்லூரிகள் இதைக் கவனிக்கவில்லை. மன்றத்தின் பழைய செய்தித்தாள் கணக்கோடு நிறுத்திக்கொள்ளும் பி.காம். பாடத்திட்டம், அரசுக் கணக்குக்கு ஒரு பருவத்தை ஒதுக்கினால் குறைந்துபோகாது.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாடு அரசின் பட்ஜெட் ஆவணங்களும் சி.ஏ.ஜி. அறிக்கைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மானியக் கோரிக்கை எண் 43, பள்ளிக் கல்வி. அதைத் திறந்து 2202 என்ற தலைப்பைத் தேடுங்கள். முந்தைய ஆண்டின் கணக்கு, நடப்பு ஆண்டின் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று எண்கள் வரிசையாக நிற்கும். சொன்னதும் செய்ததும் எங்கே அதிகமாக விலகுகின்றன என்று பென்சிலால் கோடிட்டுக்கொண்டு, அடுத்து தணிக்கை அறிக்கையை எடுங்கள்.